வியட்நாமில் மரபுவழித் தற்காப்புக் கலை நிகழ்ச்சி பார்ப்பது எப்படி? பின் டின் பகுதிக்கான முழுமையான வழிகாட்டி

வியட்நாம் போகும் நம்மவர்கள் ஹனோய், ஹா லாங் விரிகுடா, டா நாங், ஹோ சி மின் நகரம் என்று பட்டியல் போட்டுவிட்டு, கடைசி வரியில் "தற்காப்புக் கலை நிகழ்ச்சி ஒன்று" என்று சேர்த்துக்கொள்வார்கள். கடைசி வரியில் சேர்ப்பவர்களுக்குப் பெரும்பாலும் ஓடு உடைக்கும் பத்து நிமிடக் காட்சிதான் கிடைக்கும். கைதட்டிவிட்டு வந்துவிடலாம், ஆனால் பார்த்ததாகச் சொல்லிக்கொள்ள முடியாது.

இந்த வழிகாட்டி நடு வியட்நாமின் கடலோரத்தில் உள்ள பின் டின் பகுதிக்கு மட்டுமானது. அங்கே இந்தக் கலை மேடையோடு நின்றுவிடவில்லை. வீட்டு முற்றங்களிலும் ஒரு பௌத்தக் கோயிலிலும் இன்றும் கற்றுத்தரப்படுகிறது. தங்குவதற்கான நகரம் குயி ஞோன்.

வரிசையை முதலில் மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்: எந்த வகை நிகழ்ச்சி, எந்தத் தேதி, நடப்பது உறுதியா, அதன் பிறகுதான் வண்டி. பெரும்பாலானோர் வண்டியில் தொடங்கி வகையில் முடிப்பார்கள். கோளாறுகளில் பாதி அங்கேயே பிறக்கிறது.

1. எந்த வகை நிகழ்ச்சி என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

வியட்நாமில் சண்டைக் கலையைக் குறிக்கும் பொதுச்சொல் வோ. மரபுவழி வந்ததை வோ கோ ட்ருயென் என்பார்கள். விளம்பரத்தில் 'வோ' என்று இருந்தாலே மரபுக் கலை என்று எண்ணிவிட வேண்டாம். வோவினாம் என்ற முறையும் எங்கும் பரவியிருக்கிறது. அது 1938இல் ஹனோயில் நுயென் லோக் என்பவர் உருவாக்கிய நவீன முறை. நீலச் சீருடையும், பாய்ந்து எதிராளியின் கழுத்தைக் கால்களால் கத்தரிபோலப் பிடித்து வீழ்த்தும் உத்தியும் அதன் அடையாளம். பார்க்க அருமையாக இருக்கும், ஆனால் நீங்கள் தேடி வந்தது அது அல்ல. மரபுக் கலை மாணவர்கள் பெரும்பாலும் கறுப்புச் சீருடையில் இருப்பார்கள்.

பின் டின் பகுதியில் உங்களுக்கு நான்கு வழிகள் உண்டு. முதலாவது, ஃபூ ஃபோங் என்ற சிற்றூரில் உள்ள குவாங் ட்ரூங் அருங்காட்சியகம். போர்முரசு இசையும் ஆயுத ஆட்டமும் சேர்ந்த அரங்க நிகழ்ச்சி இங்கே நடக்கிறது. முதல்முறை போகிறவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். ஒரே இடத்தில் பல வகை ஆயுதங்களைப் பார்த்துவிடலாம், எப்போது தொடங்கி எப்போது முடியும் என்பதும் தெரியும்.

இரண்டாவது, துயி ஃபுவோக் பகுதியில் உள்ள லோங் ஃபுவோக் பௌத்தக் கோயில். துறவிகளிடம் ஊர்ப் பிள்ளைகள் கற்றுக்கொள்ளும் இடம் அது. மூன்றாவது, வோ டுவோங் எனப்படும் பயிற்சிக்கூடங்கள். பல கூடங்கள் ஆசிரியரின் வீட்டு முற்றமேதான். நான்காவது, திருவிழா மேடைகள். புத்தாண்டை ஒட்டிய விழாவும், 2006இல் தொடங்கிப் பின் டின்னில் அவ்வப்போது கூடும் பன்னாட்டு வோ கோ ட்ருயென் விழாவும் இதில் அடங்கும்.

வகையை ஏன் முதலில் முடிவு செய்ய வேண்டும்? இந்த நான்குக்கும் நேரம் வேறு, ஊர் வேறு, பணம் கொடுக்கும் முறையும் வேறு. அருங்காட்சியகத்துக்குப் பகலில் போக வேண்டும். பயிற்சிக்கூடம் பிள்ளைகள் பள்ளி விட்டு வந்த பிறகு, மாலையில்தான் உயிர்பெறும். இரண்டையும் காலை ஒன்பது மணிக்குப் பார்க்கக் கிளம்பினால் பூட்டிய கதவைத்தான் பார்க்க நேரும்.

2. தேதி: மழையையும் டெட் புத்தாண்டையும் கணக்கில் எடுங்கள்

பின் டின் கடலோரத்தில் மழை செப்டம்பரிலிருந்து டிசம்பர் வரை. அக்டோபர், நவம்பரில் புயலும் வெள்ளமும் வரும் என்பதால் அந்த இரண்டு மாதங்களைத் தவிர்த்துவிடுங்கள். வெளிமுற்ற நிகழ்ச்சி மழையில் நின்றுபோகும், சில சமயம் சாலையே நின்றுபோகும். பிப்ரவரி இறுதியிலிருந்து ஏப்ரல் வரை நல்ல காலம். மே முதல் ஆகஸ்ட் வரை வானம் தெளிவாக இருந்தாலும் வெயில் நம் ஊர் வெயிலுக்குச் சளைத்தது அல்ல.

சந்திர நாள்காட்டியின் முதல் மாதம் நான்காம், ஐந்தாம் நாள்களில் குவாங் ட்ரூங் அருங்காட்சியகத்தில் டோங் டா வெற்றி விழா நடக்கும். 1789இல் பேரரசர் குவாங் ட்ரூங் சீனப் படையை வென்றதன் நினைவு அது. டெட் எனப்படும் புத்தாண்டு நாளிலிருந்து எண்ணிக்கொள்ள வேண்டும். 2027இல் டெட் பிப்ரவரி 6, ஆகவே ஐந்தாம் நாள் பிப்ரவரி 10. ஆண்டிலேயே பெரிய நிகழ்ச்சி இதுதான். கூட்டமும் அப்படித்தான்.

விழா நாளே சிறந்த நாள் என்று எண்ணுவது புதியவர்கள் செய்யும் பிழை. அன்று வழிபாடும் வரவேற்பும் சொற்பொழிவும் முடிந்துதான் ஆட்டம் தொடங்கும். முன்வரிசை விருந்தினர்களுக்குப் போய்விடும், பின்னால் நிற்கும் உங்களுக்குத் தெரிவது செல்பேசி தூக்கிய கைகள்தான். போதாக்குறைக்கு டெட் வாரத்தில் ரயில், விமான டிக்கெட்டுகள் முன்கூட்டியே தீர்ந்துவிடும், உணவகங்கள் பலவும் மூடியிருக்கும். கலையைப் பார்க்க வேண்டுமானால் சாதாரண வாரநாளில் போங்கள். கூட்டத்தைப் பார்க்க ஆசை இருந்தால் மட்டும் விழாவுக்குப் போங்கள்.

3. ஊர்ப் பெயர்க் குழப்பத்தை வீட்டிலேயே தீர்த்துக்கொள்ளுங்கள்

2025 ஜூலை 1 முதல் பின் டின் மாகாணம் பக்கத்து ஜியா லாய் மாகாணத்துடன் இணைக்கப்பட்டது. புதிய மாகாணத்தின் பெயர் ஜியா லாய், தலைநகரம் குயி ஞோன். மாவட்டம் என்ற நிர்வாக அடுக்கும் நாடு முழுவதும் எடுக்கப்பட்டுவிட்டது. ஆகவே பழைய கையேடுகளில் உள்ள "தே சோன் மாவட்டம், பின் டின் மாகாணம்" என்ற முகவரி தாளில் இருக்கும், அரசு ஆவணத்தில் இருக்காது.

இதனால் என்ன சங்கடம்? "ஜியா லாய்" என்று தேடி பஸ் பிடித்தால், பழைய ஜியா லாயின் மையமான பிளேகுவில் போய் இறங்குவீர்கள். அது மலைமேல், குயி ஞோனிலிருந்து 160 கிலோமீட்டருக்கும் மேல். மாகாணப் பெயரை விட்டுவிட்டு, வரைபடத்தில் இடத்தின் பெயரையே தேடுங்கள். ஓட்டுநரிடம் காட்ட, 'குவாங் ட்ரூங் அருங்காட்சியகம், ஃபூ ஃபோங்' என்பதை வியட்நாமிய எழுத்தில், மேற்குறிகளோடு, செல்பேசியில் படமாக வைத்துக்கொள்ளுங்கள். குறி இல்லாமல் எழுதினாலும் அவர்கள் புரிந்துகொள்வார்கள். நாம் வாயால் சொன்னால்தான் புரியாது. ஏற்ற இறக்கம் மாறினால் சொல்லே மாறிவிடும்.

4. நிகழ்ச்சி உண்டா என்று உறுதிசெய்யுங்கள்

வழிகாட்டி முழுவதிலும் இந்தப் படியைத்தான் அதிகம் பேர் தாண்டிக் குதிக்கிறார்கள். அருங்காட்சியகம் திறந்திருப்பது வேறு, அரங்கில் நிகழ்ச்சி நடப்பது வேறு. நுழைவு டிக்கெட் வாங்கிவிட்டதாலேயே முரசு ஒலிக்கும் என்று உத்தரவாதம் இல்லை. குழுக்கள் முன்பதிவு செய்யும்போது கலைஞர்கள் ஆடுவார்கள். தனியாக வருகிறவர்கள் அந்தக் குழுவோடு சேர்ந்து பார்க்கலாமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

கேட்பதற்குச் சுலபமான வழி, நீங்கள் தங்கும் விடுதியின் வரவேற்பாளர். முந்தைய நாள் காலையிலேயே அவரிடம் சொல்லித் தொலைபேசியில் பேசச் சொல்லுங்கள். மின்னஞ்சலை நம்ப வேண்டாம், பதில் வருவதற்குள் உங்கள் விடுமுறை முடிந்துவிடும். அங்கே எல்லோரும் புழங்குவது ஸாலோ என்ற செயலி, நம் வாட்ஸ்அப் அல்ல. வரவேற்பாளரிடம் ஸாலோ இருக்கும்.

கேட்க வேண்டியவை இவைதான்: நாளை நிகழ்ச்சி உண்டா, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம், குழுவில் இல்லாதவர்கள் பார்க்கலாமா, டிக்கெட் தனியா, நிகழ்ச்சி முரசு மட்டுமா அல்லது ஆயுத ஆட்டமும் உண்டா. கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். அதைக் கேட்காமல் போய், முரசு முடிந்ததும் "அவ்வளவுதானா?" என்று முகம் வாடி வெளியே வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

குழுவே இல்லாத நாள் என்றால் வேறு வழி இருக்கிறது. உங்களோடு ஆறேழு பேர் இருந்தால் தனி நிகழ்ச்சிக்கு என்ன கட்டணம் என்று விசாரியுங்கள். விடுதியில் தங்கியிருக்கும் மற்றவர்களைச் சேர்த்துக்கொண்டால் பங்கு குறையும்.

நகரத்தில் கடற்கரையை ஒட்டிய நுயென் டட் தான் சதுக்கத்திலும் சில மாலைகளில் மேடை போடுவார்கள். அது உறுதியான அட்டவணை உள்ள இடம் என்று எண்ணிப் பயணத்தையே அதன்மேல் கட்டாதீர்கள். அன்று அகப்பட்டால் மிச்சம்.

5. போய்ச் சேருவது

இந்தியக் கடவுச்சீட்டுக்கு மின்விசா போதும். 2023 ஆகஸ்ட் 15 முதல் 90 நாள் வரை தருகிறார்கள். ஒருமுறை நுழைவுக்கு 25 டாலர், பலமுறைக்கு 50 டாலர். அரசின் சொந்தத் தளத்தில் மட்டும் விண்ணப்பியுங்கள், அதே தோற்றத்தில் கூடுதல் பணம் பறிக்கும் இடைத்தரகர் தளங்கள் நிறைய. கடவுச்சீட்டில் உள்ள பெயரை எழுத்து பிசகாமல் நிரப்புங்கள். தந்தை பெயரை முதலெழுத்தாக மட்டும் வைத்திருக்கும் நம்மவர்கள் இந்த இடத்தில் நிதானமாக இருக்க வேண்டும்.

ஹோ சி மின் நகரத்திலிருந்தோ ஹனோயிலிருந்தோ ஃபூ காட் விமான நிலையத்துக்கு விமானம் உண்டு. அங்கிருந்து குயி ஞோன் சுமார் 30 கிலோமீட்டர். ரயிலில் வந்தால் டியூ ட்ரி நிலையத்தில் இறங்க வேண்டும். வடக்கு தெற்கு ரயில்கள் குயி ஞோன் நகருக்குள் வராமல் டியூ ட்ரி வழியாகவே போய்விடும். டிக்கெட் தேடும்போது "குயி ஞோன்" என்று தட்டிவிட்டு ரயிலே இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம். டியூ ட்ரியிலிருந்து நகரம் பத்து கிலோமீட்டர் அளவில்தான்.

குயி ஞோனிலிருந்து ஃபூ ஃபோங் சுமார் 45 கிலோமீட்டர், 19ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை. பிளேகு போகும் பஸ்கள் அந்த வழியாகத்தான் போகும், ஃபூ ஃபோங்கில் இறக்கிவிடச் சொல்லலாம். இறங்கும் இடத்திலிருந்து அருங்காட்சியகத்துக்கு மோட்டார் பைக் டாக்ஸி பிடிக்க வேண்டியிருக்கும். போவது எளிது, திரும்புவதுதான் சிரமம். நகரத்தில் செயலியைத் தட்டினால் வரும் டாக்ஸி ஃபூ ஃபோங்கில் தட்டினால் வருமா என்பது அன்றைய அதிர்ஷ்டம். மூன்று, நான்கு பேர் இருந்தால் போகவர ஒரே காரைப் பேசி, காத்திருப்புக் கட்டணத்தையும் கிளம்பும் முன்பே முடித்துக்கொள்ளுங்கள்.

வண்டி அமர்த்தியவர்கள் அதே பயணத்தில் சாம் மக்கள் பழங்காலத்தில் கட்டிய டுவோங் லோங் கோபுரங்களையும் பார்த்துவிடலாம். அருகருகே நிற்கும் மூன்று செங்கல் கோபுரங்கள், ஃபூ ஃபோங்கிலிருந்து அதிகத் தொலைவில்லை. ஆனால் நிகழ்ச்சிக்குப் பிறகு போங்கள். முன்னால் போனால் கோபுர நிழலில் நேரம் போவது தெரியாது, நிகழ்ச்சி உங்களுக்காகக் காத்திராது.

காலைக் காட்சியா, மாலைக் காட்சியா? முடிந்தவரை காலை. இந்தப் பகுதியில் அரசு அருங்காட்சியகங்கள் பெரும்பாலும் பதினொன்றரை மணி அளவில் மூடி, ஒன்றரை மணி அளவில்தான் மீண்டும் திறக்கும். பன்னிரண்டு மணிக்குப் போய் நிற்பவர்களுக்கு முற்றத்துப் பழைய புளியமரம்தான் துணை. பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கே கிளர்ச்சி செய்து ஆட்சியைப் பிடித்த தே சோன் சகோதரர்கள் மூவரின் பெற்றோர் காலத்து மரம் என்று அதைப் போற்றுகிறார்கள், பக்கத்தில் கிணறும் இருக்கிறது. நம் ஊர்ப் புளியமரத்தை அங்கே பார்ப்பதில் ஒரு மகிழ்ச்சி உண்டுதான், இரண்டு மணி நேரம் பார்க்க வேண்டியதில்லை.

6. கையில் எடுத்துச்செல்ல வேண்டியவை

சில்லறை நோட்டுகளாக வியட்நாமிய டோங், தொப்பி, தண்ணீர், சத்தத்துக்குக் கூசும் குழந்தை இருந்தால் காதடைப்பான். மூடிய அரங்கில் முரசு காதைப் பிளக்கும். கோயிலுக்கும் பயிற்சிக்கூடத்துக்கும் தோளும் முழங்காலும் மறையும் உடை, எளிதில் கழற்றக்கூடிய செருப்பு, பிரிக்காத வெள்ளை உறைகள் சில. உறை எதற்கு என்று பத்தாவது பகுதியில் சொல்கிறேன்.

7. இருபது நிமிடம் முன்னால் போய் இடம் பிடியுங்கள்

முன்வரிசை நடு இருக்கைதான் சிறந்தது என்று எல்லோரும் ஓடுவார்கள். முரசுக்கு அது சரி. ஆயுத ஆட்டத்துக்கு இரண்டாம் அல்லது மூன்றாம் வரிசையில், சற்று ஓரமாக உட்காருங்கள். காரணம் எளியது. ஆடுபவர் பெரும்பாலும் பார்வையாளரை நோக்கித்தான் குத்துவார், வெட்டுவார். நேர் எதிரில் இருந்தால் கோல் உங்களை நோக்கி வருவது தெரியும், எவ்வளவு நீண்டது என்பது தெரியாது. பக்கவாட்டில் இருந்தால் பின்காலிலிருந்து இடுப்பு, தோள் வழியாக விசை ஓடுவதைக் காணலாம்.

கால் தெரிகிற இடம் வேண்டும். முன்னால் இருப்பவர் தலை மறைத்து இடுப்புக்கு மேலே மட்டும் தெரிந்தால் இடம் மாறிவிடுங்கள். இந்தக் கலையில் பாதி தரையில் நடக்கிறது.

8. எதைப் பார்ப்பது

முதலில் முரசு. பன்னிரண்டு முரசுகள் அடுக்காக ஒருவரைச் சூழ்ந்திருக்கும். பெரும்பாலும் பெண்கள் அடிப்பார்கள். கைக்கோல் மட்டுமல்ல, முஷ்டியும் முழங்கையும் தோலில் விழும். படை கிளம்புவது, மோதுவது, வென்று திரும்புவது என்று இசை கட்டம் கட்டமாக நகரும். எந்தக் கட்டம் என்று தெரியாமல் திணறினால் அடிப்பவரின் தோளைப் பாருங்கள். புறப்பாட்டில் தோள் அசையாது, மணிக்கட்டு மட்டும் வேலை செய்யும். மோதலில் முழு உடம்பும் சுழன்று பின்னால் இருக்கும் முரசையும் தொடும். முதல் சில நிமிடங்கள் மெதுவாக இருக்கிறதே என்று செல்பேசியை நோண்டுகிறவர்கள் பின்னால் வரும் வேகத்தின் அருமையை இழக்கிறார்கள்.

அடுத்தது தொடக்க வணக்கம். ஒவ்வொரு ஆட்டமும் பாய் தோ எனப்படும் முன்னோர் வணக்கத்தில் தொடங்கி, அதிலேயே முடியும். புதியவர்களுக்குக் கைதட்ட வேண்டிய இடம் தெரிவதில்லை, வேகமான அசைவு வந்ததும் தட்டிவிடுவார்கள். முடிவு வணக்கம் வரும்வரை பொறுங்கள். இதை மரியாதைக்காக மட்டும் சொல்லவில்லை. ஆட்டத்தின் நடுவே வரும் நிறுத்தங்கள் முடிவுகள் அல்ல, அடுத்த அசைவுக்கான நிலைகள். அந்த அமைதியில் மூச்சும் பாதம் உராய்வதும் காதில் விழும்.

வெறுங்கை ஆட்டங்களைக் குயென் என்பார்கள். அடிக்கடி காணக் கிடைப்பவை ஹுங் கே, லாவ் மாய், ஙோக் ட்ரான். ஹுங் கே சண்டைச் சேவலைப் பார்த்து உருவானது. தே சோன் சகோதரர்களில் ஒருவரான நுயென் லூ உருவாக்கியதாக மரபு சொல்கிறது. தாழ்ந்து, ஒதுங்கி, சட்டென்று உள்ளே புகுந்து குத்தும். ஆள் சிறியவர் என்பதையே சாதகமாக்கிக்கொள்ளும் ஆட்டம். ஙோக் ட்ரான் மென்மையாக வளைந்து போகும். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்க்க வாய்த்தால் விடாதீர்கள். ஆட்டங்களுக்குத் தியூ என்ற செய்யுள் உண்டு. அசைவுகளின் பெயர்களைக் கோத்த மனப்பாடப் பாட்டு அது. சில மேடைகளில் பின்னணியில் ஒருவர் ஓத, ஆடுபவர் அடிக்கு அடி அதைச் செய்துகாட்டுவார்.

கோல் ஆட்டம்தான் தமிழ்ப் பார்வையாளர்கள் ஏமாறும் இடம். சிலம்பம் பார்த்துப் பழகிய கண், கோல் சுழல வேண்டும் என்று எதிர்பார்க்கிறது. ரோய் எனப்படும் பின் டின் கோல் அவ்வளவாகச் சுழலாது. இரு கைகளும் பின்பாதியில் பிடித்திருக்க, முன்பாதி நீண்டு நிற்கும். குத்துவதும் எதிர்க்கோலை அழுத்தித் தள்ளுவதுமே முக்கியம். "துவான் ட்ருயென் கோல், அன் தாய் முஷ்டி" என்று ஊர் பெயரைச் சொல்லிப் புகழும் வழக்கு அங்கே உண்டு. கோலின் நுனியையே பாருங்கள். தேர்ந்த கையில் குத்து முடிந்த இடத்தில் நுனி ஒருமுறை அதிர்ந்து அடங்கிவிடும். பழகாத கையில் நுனி மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கும். இது ஒன்றைக் கற்றுக்கொண்டால், மேடையில் நிற்கும் ஐந்து பேரில் யார் மூத்தவர் என்பதைப் பட்டையைப் பார்க்காமலே சொல்லிவிடலாம்.

பட்டை என்றதும் ஓர் எச்சரிக்கை. கராத்தே பார்த்துப் பழகியவர்கள் கறுப்புப் பட்டையைக் கண்டதும் ஆசான் என்று வணங்கப் போவார்கள். வோ கோ ட்ருயெனில் வரிசை தலைகீழ். கறுப்பு தொடக்கம், பிறகு பச்சை, சிவப்பு, மஞ்சள், கடைசியில் வெள்ளை. ஓரத்து நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருக்கும் வெள்ளைப் பட்டை முதியவர்தான் பெரியவர்.

இருவர் மோதும் ஆட்டம் முன்பே வகுத்துப் பழகியது. "உண்மையாக அடித்துக்கொள்ளவில்லையே" என்று குறைப்படுவது பொருளற்றது. கூர்வாளும் ஈட்டியும் கையில் இருக்க, யாரும் உண்மையாக அடித்துக்கொள்ளக் கூடாது. பார்க்க வேண்டியது இடைவெளி. இருவருக்கும் நடுவே எவ்வளவு தூரம், எவ்வளவு தாமதமாக விலகுகிறார் என்பதில்தான் பயிற்சி தெரியும். உண்மையான மோதலைப் பார்க்க ஆசைப்பட்டால், கையுறையும் மார்புக் கவசமும் அணிந்து நடக்கும் போட்டி நாள்களை விசாரியுங்கள்.

ஈட்டிமுனையைத் தொண்டையில் வைத்து வளைப்பது, ஓடு உடைப்பது, வயிற்றின்மேல் கல் வைத்துச் சம்மட்டியால் அடிப்பது முதலியவை கூட்டத்துக்கான பகுதி. ரசிக்கலாம், தவறில்லை. ஆனால் செல்பேசியின் மின்னூட்டத்தை இதற்காகச் சேமித்துவைத்து, குயென் ஆட்டங்களின்போது அரட்டை அடிப்பது வீண். உலகத்தில் பல இடங்களில் ஓடு உடைக்கிறார்கள். ரோயை இங்கேதான் இப்படிப் பிடிக்கிறார்கள்.

9. படம் எடுப்பது

மின்னல் விளக்கை அணைத்துவிடுங்கள். வாளோடு பாய்கிறவரின் கண்ணில் ஒளி அடிப்பது ஆபத்து. முக்காலியை நடைவழியில் நிறுத்த வேண்டாம், சில அணிகள் அந்த வழியாகத்தான் ஓடி மேடையேறும்.

முழு நிகழ்ச்சியையும் காணொளியாக எடுக்கும் ஆசை வேண்டாம். ஒரே ஓர் ஆட்டத்தைத் தேர்ந்தெடுத்து, வணக்கம் முதல் வணக்கம் வரை அசையாமல் எடுங்கள். பாதம் முதல் ஆயுத நுனி வரை சட்டகத்துக்குள் இருக்கட்டும். முகத்தை அருகே இழுத்தால் கோல் வெட்டுப்பட்டுப் போகும், பிறகு வீட்டில் பார்க்கும்போது ஒருவர் எதையோ கோபமாக முறைப்பது மட்டுமே தெரியும்.

பயிற்சிக்கூடத்தில் சிறுவர்களைப் படமெடுக்கும் முன் ஆசிரியரிடம் கேளுங்கள். செல்பேசியைக் காட்டித் தலையசைத்தாலே புரிந்துகொள்வார்.

10. கோயிலுக்கும் பயிற்சிக்கூடத்துக்கும் போகும் முறை

அரங்க நிகழ்ச்சியை முதலில் பார்த்துவிட்டு இங்கே வாருங்கள். அங்கே முடித்த வடிவத்தைப் பார்த்திருப்பதால், இங்கே பிள்ளைகள் அதே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்து திட்டு வாங்குவது என்ன என்று விளங்கும். வரிசையை மாற்றி முதலில் பயிற்சிக்கூடத்துக்கு வந்தவர்கள் அரை மணி நேரத்தில் சலித்துப்போய்க் கிளம்பிவிடுவதைக் கவனித்திருக்கிறேன்.

முன்னறிவிப்பு இல்லாமல் போக வேண்டாம். விடுதி மூலமாகவோ உள்ளூர் வழிகாட்டி மூலமாகவோ நேரம் கேட்டுக்கொள்ளுங்கள். வாசலில் செருப்பைக் கழற்றுங்கள். உள்ளே முன்னோர் பீடம் இருக்கும். அதன் முன் தலைதாழ்த்திவிட்டு ஓரமாக உட்காருங்கள், பீடத்துக்கு முதுகு காட்டிப் படத்துக்கு நிற்காதீர்கள். சுவரோரம் சாத்திய ஆயுதங்களைத் தொடாதீர்கள். "ஒருமுறை பிடித்துப் பார்க்கலாமா?" என்று கேட்டால் பெரும்பாலும் அவர்களே எடுத்துக் கையில் தருவார்கள். கேட்காமல் எடுப்பது வேறு விஷயம்.

சிலம்பம் தெரிந்தவர்கள் யாராவது உங்களோடு இருந்தால் அதைச் சொல்லுங்கள். நான்கு சுற்று சுற்றிக்காட்டினால் மொழிபெயர்ப்புச் செயலியைப் பையில் வைத்துவிடலாம், அதன் பிறகு பேச்சு கோல் வழியாகவே நடக்கும். ஆனால் "மோதிப் பார்ப்போமா?" என்று விளையாட்டுக்குக்கூடக் கேட்க வேண்டாம். மாணவர்கள் முன்னால் ஆசிரியரை அப்படிக் கேட்பது அறைகூவலாகிவிடும்.

இப்போது உறை. பயிற்சிக்கூடத்தில் டிக்கெட் இருக்காது. உங்களுக்காகத் தனியாக ஆடிக்காட்டினால் பணம் தருவதுதான் முறை, ஆனால் நோட்டை எண்ணிக் கையில் திணிப்பது அவமதிப்பு. உறையில் இட்டு, கிளம்பும்போது, இரு கைகளாலும் மூத்தவரிடம் கொடுங்கள். எவ்வளவு என்பதை அழைத்துவந்த வழிகாட்டியிடம் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கோயிலில் துறவியிடம் கொடுக்க வேண்டாம், உண்டியலில் போடுங்கள்.

11. நிகழ்ச்சி ரத்தானால்

மழையாலோ வேறு காரணத்தாலோ நின்றுபோனால், அன்று மாலையே ஏதாவது ஒரு பயிற்சிக்கூடத்தில் வகுப்பு உண்டா என்று விடுதியில் கேளுங்கள். கூரை உள்ள கூடங்களில் மழையிலும் வகுப்பு நடக்கும். அதுவும் இல்லையென்றால் துவோங் எனப்படும் மரபு நாடகம் அன்று எங்காவது உண்டா என்று விசாரியுங்கள். பின் டின் அந்த நாடகத்துக்கும் பெயர்பெற்ற ஊர். அதன் போர்க் காட்சிகளில் இதே கால்வைப்புகளைக் காணலாம்.

ஹனோயிலிருந்து ஊர் திரும்புபவர்களுக்கு இன்னொரு வாய்ப்பும் உண்டு. ஹோவான் கியெம் ஏரியைச் சுற்றியுள்ள தெருக்களில் வெள்ளி மாலையிலிருந்து ஞாயிறு இரவு வரை வாகனங்களை நிறுத்திவிடுவார்கள். சில வாரங்களில் அங்கே தற்காப்புக் கலைக் குழுக்கள் தெருவிலேயே ஆடும். சீருடையின் நிறத்தைப் பார்த்து எந்த முறை என்று நீங்களே கண்டுபிடித்துக்கொள்ளலாம். பணம் கேட்க மாட்டார்கள். கூட்டம் வட்டமாக நிற்கும், குழந்தைகளை முன்னால் உட்காரவிடுவார்கள், ஆயுதம் சுழலும் தூரத்துக்கு வெளியே நிற்பது மட்டும் உங்கள் பொறுப்பு.